அவசரத் துணி

அவள் போனைக் கையில் எடுத்ததும் தையல்காரம்மா மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

தையல் கடைதான். ஆனால் தையல்காரம்மா வங்கி முகவரும்கூட என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் வங்கி. கிளைக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும் என்பதால் பணம் போட, எடுக்க, அனுப்ப எல்லாரும் இங்கேதான் வருவார்கள்.

நீளம் குறைக்கக் கொடுத்த கால்சட்டையை வாங்க நான் காத்திருந்தேன்.

போனை எடுத்தவள் செங்கல் சூளையில் வேலை செய்பவள். மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டணம் கட்ட அன்றுதான் கடைசி நாள். போனிலேயே கட்டுவதற்குத் தையல்காரம்மாதான் சொல்லிக் கொடுத்திருந்தார். ரகசிய எண்ணை மட்டும் அவளே அழுத்த வேண்டும்.

துணைக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு வாசலில் அவள் கணவன். பழைய எண்ணைத் தெரிந்துகொண்டு இரண்டு முறை கணக்கைத் துடைத்து வைத்தவன். இப்போது எண் புதிது.

அவளுக்கு ஒரு பழக்கம். எண்ணை வாய்விட்டுச் சொன்னால்தான் விரல் நகரும்.

மெஷின் தடதடத்தது. அவள் பாதியில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். கணவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஓர் அடி வைத்தான். மெஷின் இன்னும் வேகமெடுத்தது.

“என்னக்கா, காதே போயிடும்போல இருக்கு. ரெண்டு நிமிஷம் நிறுத்தினா குடியா முழுகிடும்?” என்றான் கணவன்.

“அவசரத் துணிப்பா. நீயா வந்து தைச்சுக் கொடுக்கப்போற?” என்றார் தையல்காரம்மா, தலை நிமிராமலே.

எனக்கும் எரிச்சல்தான். எழுத்துக் கூட்டவே சிரமப்படும் ஒருத்தி பதறிக்கொண்டு நிற்கிறாள். கொஞ்சம் ஈவு இரக்கம் வேண்டாமா?

போன் கிணுகிணுத்தது. கட்டணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அவள் போனை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள். கணவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினான்.

மெஷின் நின்றது. தையல்காரம்மா முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

அப்படி என்ன அவசரத் துணி என்று எட்டிப் பார்த்தேன்.

ஊசிக்கு அடியில் துணியே இல்லை. ஊசியில் நூலும் இல்லை.

மனதுக்குள் கைகூப்பிக்கொண்டேன்.

“உங்களுத இன்னும் தொடவே இல்லீங்க. நாளைக்கு வர்றீங்களா?”

“அவசரமே இல்லம்மா” என்றேன்.