பாலில் கரைத்த ஆசை

தொண்ணூற்று மூன்று வயது வேலாயுதம் கண் திறக்காமல் இழுத்துக்கொண்டு கிடந்தார். அவருக்கு முன் அவர் வம்சத்தில் ஒருவரும் ஐம்பதைத் தாண்டியதில்லை. இவர் செய்த ஒரே உடற்பயிற்சி டீக்கடைக்கு நடந்து போனதுதான்.

“ஏதோ ஆசைதான் உயிரப் பிடிச்சு வச்சிருக்கு” என்றார்கள் உறவினர்கள். வயல் மண்ணைப் பாலில் கரைத்து ஊற்றினார்கள். குடித்தார். தங்க மோதிரத்தை உரைத்து ஊற்றினார்கள். அதையும் குடித்தார். கடைசியில் மகள் செண்பகவல்லி, டாக்டர் கூடவே கூடாதென்று சொல்லியிருந்த வாழைக்காய் பஜ்ஜியை வாங்கிவந்து, பிய்த்துப் பாலில் கரைத்துப் புகட்டினாள்.

கண்கள் திறந்தன.

“பஜ்ஜிய யாராச்சும் பால்ல போடுவாங்களா? சட்னி எங்கடி?”

தினமும் ஓடி, ஓட்ஸ் தின்று, நாற்பத்தைந்திலேயே இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட டாக்டர், கட்டிலருகே உட்கார்ந்து பிடித்திருந்த நாடியை விட்டுவிட்டுப் பொட்டலத்தை எட்டிப் பார்த்தார்.

“இன்னொண்ணு இருக்காம்மா?”