மூலை வீட்டின் விலை

"இந்த விரிசலைப் பாருங்க சார். விரலே உள்ள போவுதுங்க!" மல்லப்பன் சுவரைத் தடவித் தடவிக் காட்டினார்.

"அது பூச்சுல வந்த கீறல். சுவரு கல்லு மாதிரி இருக்கு," என்றார் டாக்டர் சுலோசனா உடனே.

சுப்பையா அளவு டேப்பைச் சுருட்டினார். மைசூரில் இருபத்தைந்து வருடமாக வீடுகளுக்கு மதிப்புப் போட்டுக் கொடுக்கிறவர். நேற்று டாக்டரம்மாதான் போனில் கூப்பிட்டிருந்தார். "கிளினிக் இருக்கற மூலை வீடு கை மாறுது சார். நீங்க எழுதற விலைதான் விலைன்னு ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம்."

விலையைத் தூக்கிப் பேசினால் விற்கிறவர், மட்டம் தட்டினால் வாங்குகிறவர். சுப்பையாவுக்கு ஆளைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும்.

"கார்னர் சைட் சார். ரெண்டு பக்கமும் ரோடு. பன்னெண்டு வருஷமா கிளினிக் நடக்குது. கமர்ஷியல் ரேட்டுதான் போடணும்," என்றார் டாக்டர்.

"இது குடியிருப்புப் பகுதிங்கம்மா. பிளான்லயும் வீடுன்னுதான் இருக்கு," என்றார் சுப்பையா.

"அப்படிச் சொல்லுங்க!" மல்லப்பனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வீடுன்னா வீட்டு விலைதானுங்களே? மழை வந்தா பின்னாடி ரூம்பு ஒழுகுதுங்க."

"அண்ணா, ஸ்வல்ப, கொஞ்சம் சும்மா இருங்க. அது போன வருஷம். ரிப்பேர் பண்ணியாச்சு."

அப்பப்பா, என்ன ஆசை! கழுத்திலே ஸ்டெதஸ்கோப், வாயிலே வியாபாரம். சுப்பையாவுக்கு எரிச்சலாக வந்தது. மல்லப்பனைப் பார்த்தார். காலர் நைந்த சட்டை, ரப்பர் செருப்பு, பேச்சில் கௌதள்ளிப் பக்கத்துக் கிராமத்து இழுப்பு. பாவம், காடு கழனியை விற்று மைசூரில் ஒரு வீடு வாங்க வந்திருப்பார்.

வாசல் பக்கம் அளக்கப் போனபோது மல்லப்பன் பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "கொறைச்சே எழுதுங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்." கண்கள் கலங்கியிருந்தன.

உள்ளே வந்தால் டாக்டர் ஆரம்பித்தார். "அநியாயமாக் கொறைச்சிடாதீங்க சார். அப்புறம் எனக்குத் தூக்கமே வராது."

பணத்துக்காகத் தூக்கம் போய்விடுமாமே! சுப்பையா உதட்டைச் சுழித்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட இடத்துக்கு இரண்டு விதமாகவும் விலை போடலாம். எதைப் போட்டாலும் அவரை யாரும் கேள்வி கேட்க முடியாது. வீடு என்றே எழுதினார். மூலை மனைக்கு வழக்கமாகச் சேர்க்கிற தொகையையும் விட்டுவிட்டார். டாக்டர் கேட்ட கமர்ஷியல் ரேட்டைவிடப் பதினெட்டு லட்சம் குறைந்தது.

காகிதத்தைப் பார்த்ததும் டாக்டரின் முகம் தொங்கிப்போயிற்று. "சார், இது ரொம்ப அநியாயம்."

நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சுப்பையா பேனாவை அவரிடம் நீட்டினார். "விலைக்குச் சம்மதம்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். விக்கிறவங்க முதல்ல. இங்க போடுங்கம்மா."

மல்லப்பன் பாய்ந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டார்.

"அது நானுங்க சாமி. டாக்டரம்மா வாடகைக்கு இருக்கறவங்க, அவங்கதான் வாங்கறாங்க," என்று அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். "படுத்த படுக்கையாக் கெடந்த என் சம்சாரத்தை ஆறு வருஷம் காசு வாங்காமப் பாத்தவங்ககிட்ட, மூலைக்குன்னு தனியாக் காசு கேப்பேனுங்களா?"