வடிகட்டிக்கு வெளியே

"பிரிட்ஜை நிறுத்தியாச்சு. மிக்ஸி பிளக்கையும் பிடுங்கியாச்சு. இன்னுமா கேக்குது, மக்கா?"

"கேக்குதும்மா. யாரோ கதவைப் பிராண்டுத மாதிரி. விட்டு விட்டு."

அம்மிணி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெளியே அந்தி மழையில் வெள்ளறடை ரப்பர் தோட்டங்கள் கறுத்து நின்றன. உள்ளே ஒற்றைக் குண்டு பல்பின் கீழே மகன் அனூஜ், கரண்ட் லைனின் இரைச்சலை அளக்கிற மீட்டர்ப் பெட்டியின் ஹெட்போனை இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"பிசாசு பிடிச்ச பெட்டியாக்கும் இது. தூக்கித் தோட்டுத் தண்ணியில போடு."

"போட்டா கூடவே நானும் சாட வேண்டியதுதான்."

அவன் பயம் பிசாசைப் பற்றியதல்ல. பின்னறையில் அவன் டியூப்லைட்டுக்கு எலெக்ட்ரானிக் சோக்கு செய்துகொண்டிருந்தான். வோல்ட்டேஜ் இல்லாத ஊரில் அவை பட்டென்று விளக்கை எரியவைத்தன. ஆனால் அந்த மாதிரி சோக்குகள் கரண்ட் லைனிலேயே இரைச்சலைத் துப்பி, அக்கம்பக்கத்து ரேடியோக்களைக் கெடுக்கும்.

நாளை திருவனந்தபுரத்திலிருந்து சோக்கு வாங்க வருகிறவர்கள் அந்த இரைச்சலைத்தான் அளக்கப்போகிறார்கள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் அவன் சோக்கு வேண்டாம் என்றுவிடுவார்கள். பிறகு மாமன் கூப்பிட்டபடி வளைகுடாவுக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

சட்டென்று ஒன்று தோன்றி, சோக்கை அணைத்துவிட்டுக் கேட்டான். கர்ர்... கர்... கர்ர்ர்...

"அம்மா! சோக்கு அணைஞ்சு கெடக்கு, சத்தம் அப்பவும் உண்டு. வெளிய லைன்ல இருந்தாக்கும் வருது!"

"அப்போ ஒன் குத்தம் இல்லியே?"

"இல்ல. ஆனா ரெண்டும் கலந்து வந்தா மீட்டருக்கு எப்படித் தெரியும்?" அவன் யோசித்தான். "நம்ம மரச்சீனி விளையில இருக்கப்பட்ட மோட்டார் ஷெட்டுக்கும் நமக்கும் ஒரே லைனாக்கும். மோட்டார் ஓடுதா?"

"இந்த மழையில என்னத்துக்கு மோட்டார்?" அம்மிணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஷெட்டு சாவியை அப்பா கொண்டு போயிருக்காரு. பன்னி மரச்சீனிக் கெழங்கைக் கெளறுதான்னு பாத்திட்டு வாறேன்னாரு."

மோட்டாரென்றால் ஒரே சீராக முனகும். இது பிடிப்பதும் விடுவதும் மறுபடி பிடிப்பதுமாக இருந்தது.

அவன் பலகை மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினான். உள்ளே செப்புக்கம்பிச் சுருள்களும் கண்டென்சர்களும். ஊர் லைனின் இரைச்சலை வாசலிலேயே நிறுத்திவிட்டு, சுத்தமான கரண்டை மட்டும் உள்ளே விடுகிற வடிகட்டி அது. சுவர் பிளக்குக்கும் சோக்குக்கும் நடுவில் அதை மாட்டி, சோக்கை எரியவிட்டான்.

பிராண்டல் அற்றுப்போனது. மெல்லிய சீறல் ஒன்று மட்டும் மிச்சம். அது சோக்கினுடையது. முள் சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழே படுத்துக்கிடந்தது.

"ஜெயிச்சாச்சும்மா! வெளிய என்ன கூத்து நடந்தாலும் இனி நமக்குக் கேக்காது!"

"அப்போ நீ வளைகுடாவுக்குப் போவண்டாம்லா?" அம்மிணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அப்பா கேட்டா துள்ளுவாரு. ஒன்னை அனுப்பப்பிடாதுன்னுதான் கெடந்து அந்த விளையைக் காக்காரு. எங்க, அந்தப் பிசாசு சத்தத்தை எனக்கும் ஒண்ணு காட்டு."

"டாக்டரம்மா கேக்கட்டும்!" என்று சிரித்தபடி அவன் சோக்கை அணைத்து, வடிகட்டியைக் கழற்றி, ஹெட்போனை ஸ்டெதஸ்கோப் மாதிரி அம்மாவின் காதில் மாட்டினான்.

அம்மிணியின் சிரிப்பு உதட்டோடு நின்றது.

"மக்கா... இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கேன்."

"எங்க?"

"நேத்து விளையில. வேலிக் கம்பியில ஈர வாழையிலை உரசினப்போ இப்படியாக்கும் பொரிஞ்சுது." அவள் குரல் தேய்ந்தது. "பன்னிக்கு வேண்டி அப்பா ஷெட்டுல இருந்து கம்பிக்குக் கரண்டு குடுத்திருக்காரு. ஒனக்குத் தெரிஞ்சா சண்டைக்கு வருவேன்னு சொல்லண்டாம்னாரு."

"அப்போ... பன்னி மாட்டியிருக்கும். பேடிக்காதீங்கம்மா."

அம்மிணி இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நின்னு போச்சு, மக்கா."

ஷெட்டுக்கும் சேர்த்துக் கரண்ட் போகிற பியூஸை அனூஜ் பிடுங்கி எறிந்தான். வீடு இருண்டது. மழைக்குள் இறங்கி விளையை நோக்கி ஓடினான்.

கம்பி வேலியோரம் அப்பா பொன்னப்பனின் குடை மல்லாந்து கிடந்தது. அதில் பாதிக்கு மழைத்தண்ணீர் நிறைந்திருந்தது. ஆளுயர மரச்சீனிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை, எதுவும் அசையவில்லை.

"அப்பா... ஒரு சத்தம் குடுங்கப்பா!"