மிச்சம் வைத்த தெம்பு

கடைசி வரி வந்துவிட்டது.

எழுதி முற்றுப்புள்ளி வைத்தாள். பேனாவை மூடாமல் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

காட்பாடியில், பெண்கள் பளு தூக்கப் பழகும் கூடம் அது. அவள்தான் அங்கே மாஸ்டர். ஆறு மணிக்குத்தான் ஆட்கள் வருவார்கள். ஜன்னலில் அப்போதுதான் வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது.

ஐந்து வருடத்துக்கு முன்னால், நாவல் எழுதப்போகிறேன் என்று ஒரு மாதம் லீவு போட்டாள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை எழுதினாள். பதினோராம் நாள் ஒரு சொல்கூட வரவில்லை. எல்லாவற்றையும் கிழித்துப்போட்டாள்.

மூன்று வருடம் பேனாவைத் தொடவில்லை.

பிறகு ஒருநாள், கூடத்தில் பழக வரும் தேவகிருபை இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்தாள். இவள் வயதுதான். போலீஸ்காரி. போட்டி நெருங்கிய பதற்றத்தில், யாருக்கும் சொல்லாமல், தன்னால் முடிந்த உச்ச எடையைத் தினமும் தூக்கிப் பார்த்திருக்கிறாள்.

"தினம் தினம் பரீட்சை வெச்சா எப்பம்மா படிக்கிறது? இன்னும் ரெண்டு தடவ தூக்கலாம்னு இருக்கும்போதே கம்பியக் கீழ வெச்சிடணும். அந்தத் தெம்புதான் நாளைக்கு உன்னை இங்க கூட்டியாரும்."

ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே திட்டியவள் சட்டென்று நிறுத்தினாள்.

யாரைத் திட்டுகிறோம்?

மறுநாள் இருபது வரி எழுதினாள். இருபத்தோராவது வரி தயாராக நின்றது. நோட்டை மூடினாள்.

மூடுவதுதான் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாள் அந்த வரி அங்கேயே காத்திருந்தது. போகப்போக இருபது முப்பதாயிற்று, நாற்பதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கை துறுதுறுத்தாலும் தொடமாட்டாள்.

இரண்டு வருடம். ஏழு நோட்டு.

ஏழையும் மடியில் அடுக்கிக்கொண்டாள். மாநிலப் பதக்கம் வாங்கிய அன்றுகூட நெஞ்சு இப்படி நிமிரவில்லை.

தேவகிருபைதான் முதலில் வந்தாள்.

"இன்னா மாஸ்டர், அழுவுறீங்களா?"

இவள் முதல் நோட்டை நீட்டினாள்.

தேவகிருபை நின்றபடியே புரட்டினாள். தோளிலிருந்து பையை இறக்கவில்லை. ஒரு பக்கம். இரண்டு. மெல்லச் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

மணி ஆறேகால். மற்றவர்கள் வந்து, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு, பயிற்சி இன்னும் தொடங்காத குழப்பத்தோடு மாஸ்டரைப் பார்த்தார்கள். ஒரு நிமிடத் தாமதத்துக்கே மைதானத்தை மூன்று சுற்று ஓடவிடுகிறவள்.

அவள் தன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.