துருக்கறை

சலவைக்கடையில் ஆவி முகத்தில் அறைகிறது. டீயா, மசியா, கிரீஸா, எந்தக் கறையையும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார் சலவைக்காரர். போன வாரம் பெண்கள் விடுதி விரிப்பில் இருந்த மாதவிலக்குக் கறையைக் காட்டி மகள் கேட்டபோது மட்டும், “துரு! போடி அந்தப் பக்கம்” என்று எரிந்து விழுந்தார். இன்று அந்தப் பதினொரு வயதுக்காரி பள்ளிப் பையால் பின்பக்கத்தை மறைத்தபடி எதிரே நிற்கிறாள். “அப்பா, என் பாவாடையிலயும் துரு. மருந்து போட்டுத் தேச்சேன், போகலப்பா.” அவள் விரல்கள் துரு மருந்தில் வெந்து சிவந்திருக்கின்றன. “உங்கம்மாகிட்ட போ” என்கிறார் தலை தூக்காமல். மனைவி இஸ்திரிப்பெட்டியை நங்கென்று வைக்கிறாள். “ஏன், துருன்னு சொன்ன வாய் எங்க போச்சு? ஊர்க்கறையெல்லாம் தெரியுது, பெத்த பொண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?” “நான் என்னம்மா தப்பு பண்ணேன்?” என்கிறாள் மகள். சலவைக்காரர் வெள்ளைச் சட்டையின் காலரைப் போட்டுத் தேய்க்கிறார். அதில் கறையே இல்லை.