சிவப்புக்குப் பச்சை

“இதை யார் மாட்டினது?” என்றார் நடுவர் பாண்டுரங்கன்.

1991. சுங்குவார்சத்திரத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. மேஜைமேல் முறுக்கிய ஏணி மாதிரி டி.என்.ஏ. நின்றது. ஒயர் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பா கேட்டு வாங்கிவந்த துண்டு ஒயர்களைக் கொண்டு, பிளஸ் டூ ஹேமந்த் படிப்படியாகச் செய்தது. சார்ட் எழுதியது கூடப்படிக்கும் கலைமதி.

அடினைன் சிவப்பு, தைமின் பச்சை, குவானைன் மஞ்சள், சைட்டோசின் நீலம். நாலே வகைத் துண்டு. கத்திரிக்காயும் மனுஷனும் அதிலிருந்துதான்.

“அடினைனுக்கு ஜோடி?”

“தைமின் சார்,” என்றான் ஹேமந்த்.

“ஆர்.என்.ஏ.வில்?”

“அதுல தைமின் இருக்காது சார். பதிலுக்கு யுராசில்.”

“வாய் சரியாத்தான் சொல்லுது. அப்புறம் ஏன் இங்கே சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹேமந்த் குனிந்து பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

“சரியாத்தானே சார் மாட்டினேன்...”

“நான்தான் சார் காலைல மாத்திட்டேன்,” என்றாள் கலைமதி.

“இன்னாத்துக்கு அதுல கை வெச்ச?” ஹேமந்துக்குக் குரல் உடைந்தது. “ஒரு மாசமா செஞ்சது.”

“சும்மாதான்.”

பரிசு வேறு மேஜைக்குப் போனது. “பொறாமை புடிச்சவ” என்று யாரோ சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கும். ஹேமந்த் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினான்.

உயிரியல் டீச்சர் காந்திமதிக்குத்தான் மண்டை குடைந்தது. மாடலை நேற்று லேபில் வைத்துப் பூட்டியது காந்திமதி. காலையில் தூக்கிவந்து மேஜையில் வைத்ததும் காந்திமதியேதான். அதற்குப் பிறகு அங்கிருந்து நகரவே இல்லை.

ஏணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மஞ்சளும் நீலமும் ஒரு படியில்கூட ஜோடி மாறவில்லை. மாறியதெல்லாம் சிவப்பும் பச்சையும்தான்.

சார்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்த கலைமதியைக் கூப்பிட்டாள்.

“நீ இதைத் தொடவே இல்லியே. ஏன் பொய் சொன்ன?”

கலைமதி சார்ட்டைக் கீழே வைத்தாள்.

“அவனுக்கு அந்த ரெண்டும் ஒரே கலராத் தெரியுது டீச்சர். சிவப்பு ஸ்கெட்ச் கேட்டா பச்சைய எடுத்துக் குடுப்பான். வெளாடுறான்னு நெனச்சேன். இன்னிக்குத்தான் புரிஞ்சுது.”

“அதைச் சொல்லியிருந்தா நடுவரே ஒத்துக்கிட்டிருப்பாரு. பரிசும் கிடைச்சிருக்கும், உன் பேரும் கெட்டிருக்காது.”

“அவனுக்கே இன்னும் தெரியாது டீச்சர். அத்தினி பேரு சிரிச்சிக்கினு இருக்கச்சேவா தெரியணும்?”