ஒரே காப்பி, ரெண்டு பேர்

அப்பன் அங்கப்பனின் மானத்தை மீட்கச் சிவரஞ்சனிக்கு இன்று ஆகும் செலவு பூஜ்யம் ரூபாய். அவள் மடிக்கணினியில் ஓடும் புள்ளியியல் மென்பொருள் முழுக்க இலவசம். "ஓசிச் சரக்காக்கும், கண்ணு?" என்று சிரிக்கிறார், காப்பி ருசி பார்த்து மதிப்பெண் போடும் விஜயகுமார். அப்பன் கரடியூரில் விளைவித்த காப்பியில் மண் வாடை என்று போன வருசம் அப்பன் எதிரிலேயே துப்பியவர். ஒண்டிக்கடை ஏலக்கூடத்துச் சன்னலில் பனி ஒட்டி நிற்கிறது; அவர் விரலிடுக்கில் வெள்ளிக் கரண்டி மின்னுகிறது. அவள் பொத்தானை அழுத்த, இந்த வருசம் அவர் போட்ட மதிப்பெண்களின் சராசரி சுவரில் இரண்டு தூண்களாக எழும்புகிறது, ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. "ஏனுங்க, ரெண்டு தூணும் எங்கப்பன் காப்பிதானுங்க. பாதிப் பையில மட்டும் பெரிய எஸ்டேட் பேரை ஒட்டி அனுப்பினேன்." கரண்டி கோப்பைக்குள் கிணுங்கி விழுகிறது. பின்வரிசையில் அங்கப்பன் துண்டை உதறித் தோளில் போடுகிறார். அறிக்கை சூடாக அச்சாகி வருகிறது: எஸ்டேட் பேருக்கு எண்பத்தெட்டு, அங்கப்பன் பேருக்கு அறுபத்தொன்று, விஜயகுமாரிடமிருந்து வரவேண்டிய பாக்கி இருபத்தேழு.